மச்சாளின் வலக்கையும் என் இடக்கையும்

வியாழன், இரவு

விடிய எழும்பியதும் மத்தள வாரை இறுக்கினேன். பக்கவாதம் வந்தபின் மச்சாளுக்கு இடக்கை எழும்பாது. அதனால் ஒரே மத்தளத்தில் அவளுக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம் என்று தாளக்கட்டு எழுதியிருந்தேன். களைத்துப்போவாள் என்று கடினமான அடிகளையெல்லாம் என் பக்கம் வைத்துவிட்டேன்.

பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு நானும் மச்சாள்தான். "என்னகா மச்சாள், உனக்குச் சண்டை, எனக்குத் தாலாட்டா?"

வெட்கமாகப் போயிற்று. என் அடிகளைப் பறித்து, வலக்கையாலேயே பொரிந்து தள்ளினாள். நான் இடக்கையோடு அவள் தாளத்தின் பின்னால் ஓடினேன்.

"நீ அடிக்கிறது என்ட உள்ளங்கையில தெரியுது. போன கை திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் பிழைத்திருப்பதே போதும் என்றிருந்தேன். இதுவும் கிடைத்திருக்கிறது.

வவுணதீவுக் கலைவிழாவுக்கு என்னைத் தனியாக வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்றும் சொல்லிவிட்டேன். ஆனால் மச்சாள் இல்லாமல் மேடையில் தனியாக ஏறமாட்டேன். இதை அவர்களுக்கும் சொல்லவில்லை, மச்சாளுக்கும் இன்னும் சொல்லவில்லை.