நான்காம் படி இல்லாத பக்கமும் எண்ணப்படாத இருபத்தைந்தாம் ஆளும்

அனுப்புநர்:
உரிமையாளர்,
பளிச் சலவைக்கடை,
பேருந்து நிலையத்தின் பின்புறம், தையல்கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு இணையதளப் பிரிவு அதிகாரி அவர்கள்,
சிறுவணிகர் உதவி அலுவலகம்,
மூன்றாம் மாடி.

பொருள்: போதிய வாசகர் இல்லை என்று எனது இணையதளத்தை மூட இருப்பது – விடுபட்ட ஒரு வாசகரைச் சேர்த்து எண்ணக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பும், அதனுடன் வந்த நான்கு பக்கப் புள்ளிவிவர அறிக்கையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகம் சென்ற ஆண்டு சிறுவணிகர்களுக்கு இலவசமாக இணையதளம் அமைத்துத் தந்தது. எனது தளத்தில் எண்ணெய், தேநீர், துரு, பேனா மை என்று பன்னிரண்டு கறைகளைப் பற்றிப் பன்னிரண்டு பக்கங்கள் எழுதினேன். பள்ளியில் கட்டுரைக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண்ணைத் தாண்டாதவள் நான். அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் நானே எழுதினேன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து இரண்டு முறை வாசிக்கவும்.

2. தளத்தின் முதல் மாத வரைபடத்தில் "ஹிட்ஸ் 41,300" என்று இருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். என் கணவர் துணி கொண்டு போகும் வண்டியின் பின்பக்கத்தில் "நாற்பத்தோராயிரம் பேர் நாடும் கடை" என்று பெயின்ட்டில் எழுதிவிட்டார். கடையில் இஸ்திரி போடும் என் நாத்தனார் மட்டும், "அண்ணி, அத்தனை பேர் வந்திருந்தா நமக்கு ஒரு தலையணை உறையாவது கூட வந்திருக்கணுமே?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

3. தங்கள் அறிக்கை வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஹிட்ஸ் என்பது பக்கத்திலுள்ள ஒவ்வொரு படத்தையும் துண்டையும் தனித்தனியே எண்ணுவதாம், பக்கப் பார்வை வேறாம், ஆள் வேறாம். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் ஒரு வாடிக்கையாளரின் பையைப் பிரிக்கும்போது சட்டென்று பிடிபட்டது. பை கொண்டு வந்தவர் ஒருவர். பைக்குள் சட்டை ஆறு. சட்டைக்கு ஏழு பொத்தான் வீதம் பொத்தான் நாற்பத்திரண்டு. இத்தனை நாளும் நான் பொத்தானை எண்ணிவிட்டு ஆட்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன் ஐயா! பிடிபட்ட சந்தோஷத்தில் அந்த வாடிக்கையாளருக்கே பாடம் நடத்தினேன். அவர் பையை வைத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

4. அறிக்கையின்படி பக்கம் பார்த்தவற்றில் பெரும்பகுதி எந்திரங்கள். இணையம் முழுவதையும் மேய்ந்துகொண்டே இருக்குமாம். "துணியே போடாத ஜென்மத்துக்கெல்லாம் கறையைப் பத்தி என்ன கவலை?" என்று நாத்தனார் கேட்டாள். அவற்றைக் கழித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்து, ஒரே கைபேசியிலிருந்து வந்த 310 வருகைகளையும் கழித்திருக்கிறீர்கள். அது நானேதான். எண்ணிக்கை ஏறியதா என்று பார்க்கப் போய்ப் போய் நானே அதை ஏற்றியிருக்கிறேன். "கண்ணாடியப் பாத்துட்டு, கூட்டம் வந்திருக்குன்னு சொல்லியிருக்கீங்க அண்ணி" என்றாள் அவள். இதற்கும் ஆட்சேபம் இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

5. எல்லாம் கழித்து, இம்மாதம் இதுவரை மனிதர்கள் 24 பேர். விதிப்படி 25 வேண்டும், இல்லையேல் மாதக் கடைசியில் தளம் மூடப்படும். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்க அடியில், பொடி எழுத்தில், "விலக்கப்பட்டவை" என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கிறது. அதை அப்படியே தருகிறேன்: "அலுவலக உள் இணைப்பு, மூன்றாம் மாடி. நபர் 1. வருகை 7. சராசரி நேரம் 19 நிமிடம். பக்கம்: சட்டைப் பையில் பேனா மை." அலுவலகத்தார் வந்தால் கணக்கில் சேராது என்று விலக்கியிருக்கிறார்கள்.

7. பத்தொன்பது நிமிடம்! மற்ற இருபத்துநான்கு பேரும் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை. யாரோ ஒருவர் என் எழுத்தை ஏழு முறை உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்று நான் இஸ்திரி மேசையைச் சுற்றி ஆடியே விட்டேன். பிறகு, அப்படி என்னதான் எழுதினோம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

8. மூன்றாம் படி இப்படி முடிகிறது: "பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி, பத்து நிமிடம் விடவும். மை இன்னும் தெரிந்தால் இதையே மீண்டும் செய்யவும்." அவ்வளவுதான். நான்காம் படியை எழுத மறந்தே போயிருக்கிறேன். மை தெரியத்தானே செய்யும், அலசினால்தானே போகும்? அந்த மனிதர் சொன்ன சொல் தட்டாமல் அதையே மீண்டும் மீண்டும் செய்திருக்கிறார். அதிக நேரம் தங்கினால் அதிகப் பிரியம் என்று எண்ணியிருந்தேன். வழி தெரியாமல் நிற்பவரும் அதிக நேரம்தான் நிற்பார் என்பது இப்போது புரிகிறது. வெட்கமாக இருக்கிறது ஐயா. உடனே திருத்தப் போனால், அறிவிப்பு அனுப்பப்பட்ட தளங்களில் திருத்தும் வசதி முடக்கப்பட்டுள்ளதாம்.

9. அந்த நபர் யார் என்று நான் கேட்கமாட்டேன். சென்ற வாரம் அவகாசம் கேட்டு நேரில் வந்தபோது, தாங்கள் ஒரு பச்சை ஃபைலை இடது மார்போடு அணைத்தபடியே பேசினீர்கள். தேநீர் வந்தது, குடித்தீர்கள், ஃபைல் இறங்கவில்லை. கடமையில் இத்தனை பற்றா என்று வியந்துகொண்டே படியிறங்கினேன். இதற்கும் இம்மனுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

10. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது இரண்டே. திருத்தும் வசதியை அரை மணி நேரம் திறந்துவிடவும். மூன்றாம் மாடி நபரைக் கணக்கில் சேர்க்கவும். நாற்பத்தோராயிரம் எனக்கு வேண்டாம், வண்டியில் எழுதியதைக் கணவர் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தேவை ஒருவர். நான் எழுதியதை நம்பிச் சொன்னபடி செய்து பார்த்தவர் அந்த ஒருவர்தான். அவரையே ஆள் இல்லை என்று தள்ளிவிட்டால், மற்ற இருபத்துநான்கு பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன், நாளொன்றுக்கு ஒரு முறைக்கு மேல் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை என்ற உறுதியுடன்,

இடம்: இஸ்திரி மேசை
நாள்: இம்மாதம் 26

இப்படிக்கு,
(கையொப்பம்)
பளிச் சலவைக்கடை உரிமையாளர்

இணைப்பு: நான்காம் படி. பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, சோப்புப் போட்டு, நிழலில் உலர்த்தவும். சுத்தமாகப் போகும்வரை இஸ்திரி கூடாது. அப்படியும் போகாவிட்டால் சட்டையைக் கடைக்குக் கொடுத்தனுப்பவும், பெயர் எழுத வேண்டியதில்லை. மறந்தும் வெந்நீர் வேண்டாம், ஐயா.