காலண்டர் தாளின் பின்பக்கம்

அப்பா,

இன்று காலை தினக்காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் “இரும்புச்சத்து மாத்திரை மேசைமேல்” என்று எழுதினேன். அக்காவுக்காக. அவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப் போனபோதுதான், இது நீங்கள் செய்கிற வேலையாயிற்றே என்று உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

அக்காவுக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிரசவம் என்பதால் மயிலாப்பூருக்கு, நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில், குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்காகச் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. மாமாவுக்கு அன்று வேலை, அதனால் துணைக்கு நான் போனேன். மற்றவர்கள் கணவனும் மனைவியுமாக வந்திருந்தார்கள். பொம்மைக்கு டயப்பர் கட்டும் வேலை எனக்கு வந்தது. பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். பிள்ளை வளர்ப்பில் நான்கு வகையாம். மிரட்டி வளர்ப்பது, செல்லம் கொடுத்து விட்டுவிடுவது, கண்டுகொள்ளாமலே இருப்பது, அன்போடு கண்டித்து வளர்ப்பது. நான் அதை அங்கேயே இரண்டு முறை படித்தேன். உங்கள் பெற்றோர் எந்த வகை, அவர்களிடமிருந்து எதைத் தொடர்வீர்கள் என்பது கடைசிக் கேள்வி.

அக்கா யோசிக்கவே இல்லை. நான்காவதில் டிக் போட்டாள். “எங்கப்பா ஒரு நாள்கூட கை ஓங்கினதில்ல மேடம். தப்பு பண்ணா பேசமாட்டார், அவ்ளோதான். நாங்களே வழிக்கு வந்துடுவோம். நானும் அப்படித்தான் வளர்க்கப்போறேன்” என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள்கூட உங்களை மெச்சினார்கள்.

உங்கள் அடக்கப் பூசையிலும் இதே பேச்சுதான். பங்குச் சாமியார் முதல் உங்களோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் வரை எல்லாருக்கும் நீங்கள் கை ஓங்காத மனிதர். அடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்குமே என்று முதல் வரிசையில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதிரே நிற்கும்போதே அம்மாவிடம், “அவளைக் குளிக்கச் சொல்லு” என்பீர்கள். நான் வளர்ந்த பிறகு அதுவும் நின்று, காலண்டர் தாள் வந்தது. “பால் அடுப்பில்.” “குடை எடு.” அதில் என் பெயர் இருக்காது. நான் “அப்பா” என்று கூப்பிட்டால் நீங்கள் செய்தித்தாளைப் புரட்டுவீர்கள். மன்னிப்புக் கேட்ட அந்த நொடியே, ஒன்றுமே நடக்காததுபோல, “என்ன பாப்பா?” என்பீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்காக எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

கடைசி முறை கேட்கவில்லை. சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். ஊரூர் குப்பத்துப் பக்கம் கடலில் டால்பின் தெரிந்ததாக அவர் சொல்ல, அதுவும் ஒரு வகை மீன்தான் என்றீர்கள். “மீன் இல்லப்பா, பாலூட்டி” என்றேன். “இன்னாண்ணே, வாத்தியாருக்கே வாத்தியாரா?” என்று சித்தப்பா சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கியதும் மூடிய வாய் என்னிடம் திறக்கவே இல்லை. ஆறாம் நாள், பள்ளியின் ஆசிரியர் அறையில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலைத் தாள், “சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.” இன்னும் என் அகராதிக்குள் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படித்த மகளுக்கு நீங்கள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று அம்மாகூட ஒரு முறை சொன்னாள். எதற்கு? டால்பின் மீன் இல்லை.

வகுப்பு முடிந்து ஆட்டோவில் வரும்போது, அந்த டிக்கை அடித்துவிடு என்று அக்காவிடம் சொன்னேன். “செத்துப்போனவரப் பத்தி இப்படியாடி பேசுவ?” என்றாள். அதிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. இன்றோடு மூன்று நாள். ஒரு குழந்தைக்கு உங்கள் மௌனம் வந்துவிடக் கூடாது என்று சொல்லப் போனவள், அதே மௌனத்தோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அந்தக் காலண்டர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, “அக்கா, மாத்திரை போட்டியா?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, “ஸாரிடி” என்றாள்.

எதற்கு ஸாரி என்றேன்.

“தெரியல. நீ பேசினதும் தானா வந்துடுச்சு.” இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். “அப்பாகிட்டயும் அப்படித்தான். மூணாங்கிளாஸ்ல ஒரு தடவ, என்ன தப்புன்னே தெரியாம ஸாரி சொன்னேன். இன்னிவரைக்கும் தெரியாது.”

பிறகு பையிலிருந்து வகுப்பில் கொடுத்த தாளை எடுத்து, என் பேனாவை வாங்கி, டிக்கின் மேல் அது தெரியாமல் போகும்வரை கிறுக்கினாள். அப்போ அவர் எந்த வகை என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. “நான் இந்தப் பாப்பாகிட்ட பேசாம இருந்தா, நீ வந்து என்னைப் பாத்துக் கத்து. பக்கத்து வீட்டுக்குக் கேட்கற மாதிரி கத்து” என்றாள்.

கத்துவேன். ஆனால் என்னைப் பார்த்து யார் கத்துவது? வாயை மூடிக்கொண்டால் எதிரே இருப்பவர் தானாக உடைந்துவிடுவார் என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். மறக்க நினைத்தும் அது போகவில்லை.

ஆனாலும் நான் மூன்றாம் நாளே பேசிவிட்டேன், அப்பா. உங்களுக்கு ஆறு நாள் இருந்தது.