அம்மா பெல்ற் போடாத ஞாயிறு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மகள் ஷெரோமிக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். அம்மா ஒரு ஒப்பரேசன் முடிந்து வீட்டில் தேறி வருகிறார், எழும்பி நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆகையால் பதறாமல் கடைசிவரை வாசி. அங்கே மெல்பேர்ணில் நீயும் மருமகன் ஜொனாதனும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறோம். போனிலே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ எடுக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்து கையைக் காட்டித் தடுத்துவிடுவார். நேற்று அவரே, "என்னால வாயால சொல்ல ஏலாது, நீங்க எழுதுங்கோ" என்றார். எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முந்தி ஒரு ஞாயிறு, மெல்ரோய் சித்தப்பாவின் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று ஹெந்தளைக்குக் காரில் போனோம். சந்தியில் பொலிஸ் மறித்தது. நான் பெல்ற் போட்டிருந்தேன், பக்கத்துச் சீற்றில் அம்மா போடவில்லை. கோயிலுக்குப் போகிறோம், வயதான மனிசி என்று சிங்களத்தில் சமாளித்துப் பார்த்தேன். அந்த இளம் பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார், முன்னுக்கு இருக்கிற இரண்டு பேரும் போட வேண்டும் அங்கிள், அன்ரி போடாவிட்டாலும் எழுதுவது ஓட்டுகிறவருக்குத்தான் என்றார். லைசென்ஸை வாங்கிக்கொண்டு தண்டச்சீட்டை எழுதித் தந்தார். அந்தச் சீட்டைக் காட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அதற்குள் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிசில் கொடுத்து லைசென்ஸை எடுக்க வேண்டும், தவறினால் வழக்காகிக் கோட்டுக்குப் போகும்.

அடுத்த நாளே கட்டிவிட்டு, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு லைசென்ஸ் எடுக்கப் புறப்பட்டேன். பெல்ற்றைப் போடச் சொன்னேன், போட்டார், ஆனால் நெஞ்சில் படாமல் கையால் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். எனக்குக் கோபம் வந்தது, சட்டம் எங்களுக்கு மட்டும் வேறா என்று கேட்டேன். கிராண்ட்பாஸ் சிக்னலில் நிற்கும்போது, முன்னுக்குப் பார்த்தபடியே, "அதில பட்டா நோகுதப்பா, ஒரு கட்டி இருக்கு" என்றார். எப்போதிருந்து என்றேன். "டிசம்பரில, நத்தாருக்கு முந்தி" என்றார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், பச்சை விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. பொலிசுக்கு அன்று போகவில்லை, நேரே எங்கள் குடும்ப டொக்டர் றமீலாவிடம் காரைத் திருப்பினேன்.

ஸ்கான் பண்ணினார்கள், சதையெடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான் மகள். ஆனால் பரவவில்லை, கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இனிக் கொஞ்ச நாள் கதிர்ச் சிகிச்சைக்குப் போய்வர வேண்டும், நான் கூட்டிப்போவேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, "சொன்னா பிள்ளை வேலையை விட்டிட்டு ஓடி வந்திடும்" என்றார். நீ ஓடி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது ஆறுதலாக வா.

இனி அங்கே உங்களுக்கு வந்திருக்கும் பெல்ற் தண்டம். ரோட்டுக் கமரா எடுத்த படத்தைப் போன கிழமை ஜொனாதன் எனக்கு அனுப்பியிருந்தான். அவன் ஓட்டுகிறான், நீ பக்கத்தில் பெல்ற்றைக் கைக்குக் கீழாக விட்டுப் போட்டிருக்கிறாய். அங்கே அது போடாததற்குச் சமமாம். நியாயம்தான், இடித்தால் விலா எலும்புதான் முறியும். படம் சரியென்றால் வாதாடாமல் தவணைக்குள் கட்டுங்கள். வைத்தியக் காரணம் இருந்தால் டொக்டரின் கடிதம் வைத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா என்று அவனை விசாரிக்கச் சொல். ஆனால் தண்டம் கிடக்கட்டும். நீ ஏன் அப்படிப் போட்டாய்? பழக்கமா, இல்லை எங்கேயாவது பட்டு நோகிறதா? அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. தாய்க்கு வந்தால் மகளும் காட்ட வேண்டும் என்று டொக்டர் றமீலா சொன்னார். இந்தக் கிழமையே காட்டு. ஒன்றுமில்லை என்றாலும் சொல், இருந்தாலும் சொல்.

கொச்சிக்கடை அந்தோனியார் உங்கள் மூவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்வார். அம்மாவோடு கதைக்கும்போது அழாதே, அவர் உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார். டொக்டரிடம் நாள் எடுத்ததும் எனக்கு அறிவி.

அன்புடன்,
உன் அப்பா
சவுந்தரநாயகம்