புதுக் காருக்குக் கோட்டிங்

ஆடி, செவ்வாய்க்கிழமை.

கோபம் இன்னும் அடங்கவில்லை. மகனுடைய புதுக் காருக்குக் கோட்டிங் போடுகிறவன் வந்தான்.

"இது சைனைட் மேட்டுத் தூசி அக்கா, தொடச்சாலே பெயிண்டு கீறிக்கும்" என்றான்.

தங்கச் சுரங்கத்துக் கழிவு மலையாய்க் குவிந்த மேடு அது. அந்தத் தூசியிலேயே இருமி இருமித்தான் என் வீட்டுக்காரர் போன மாசம் போய்ச் சேர்ந்தார். அவர் இருந்தவரை நான் ஜன்னலைக்கூட அடைக்கவில்லை.

"மனுஷன் நெஞ்சுக்கு எதுனா கோட்டிங் இருக்காப்பா?" என்றேன். சிரித்தான்.

மகனிடம், "ஒன் கொழந்த தூங்குற ரூம்புல ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சிருக்கு. மொதல்ல அத்த மாத்துடா" என்றேன்.

"இன்னாம்மா நீ, அது அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கோட்டிங்கையும் போடச் சொல்லி, காரை மூட ஒரு கவரும் வாங்கி வந்தான்.

அந்தக் கவரை வெட்டி ஜன்னலில் ஆணி அடித்துவிட்டேன். காலையில் பார்த்தால் கத்துவான். கத்தட்டும். குழந்தை தூங்குகிறது.