பாறை இடுக்கில் நான்கு மாகாளிக் கொடிகள்

பென்னாகரம்,
20.1.1986

அன்புள்ள மகன் கஸ்பாருக்கு,

நம் ஊர்க் கரட்டுக் குன்றில் மாகாளிக் கொடியை அழித்தது நீதான். இதை முதலில் எழுதினால்தான் சுகம் விசாரிக்க மனம் வருகிறது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் நலம், அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தங்கை சகாயமேரி தருமபுரிக்குத் தையல் வகுப்புக்குப் போய் வருகிறாள், உன் இருமல் எப்படி இருக்கிறது? மெட்ராஸில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

மாகாளி ஊறுகாய் கேட்டிருந்தாய். இந்த வருஷம் கிடையாது. நீ வேலை பார்க்கும் ஊறுகாய்க் கம்பெனிக்கு நம் ஊரைக் காட்டி லாரி வரவழைத்தாயே, மூன்றே வருஷத்தில் கரடு முழுக்கக் குழிதான் மிச்சம். முன்பெல்லாம் பக்கக் கிழங்கை மட்டும் எடுத்துவிட்டு, தாய்வேரை மண் போட்டு மூடிவிட்டு வருவோம். லாரி வந்தபின் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை, நாம் விட்டால் அடுத்தவர் எடுத்துவிடுவார் என்று காய் வெடித்து விதை பறக்கும் முன்பே வேரோடு பெயர்த்தோம். நானும்தான் பெயர்த்தேன். மழையில்லாத வருஷத்தில் எங்களுக்கு வேறு என்ன வேலை இருந்தது? மாதச் சம்பளம் வாங்கும் உனக்கு என்ன பஞ்சம்?

போன வாரம் விறகுக்குப் போன பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கடப்பாரை நுழையாத பாறை இடுக்கில் நான்கு கொடி தப்பியிருக்கிறது. போய்ப் பார்த்தேன், ஆட்டுக்கொம்பு போல ஜோடி ஜோடியாகக் காய். அழுதுவிட்டேன். "அழுவாதக்கா, உம் மவனுக்குச் சேதி தெரிஞ்சா நாளைக்கே வெடி வெச்சுப் பாறையப் பேத்துருவான்" என்று தீர்த்தம்மாள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உங்கள் கம்பெனி ஏஜெண்ட் நஞ்சப்பன் மோப்பம் பிடித்துவிட்டான். அடுத்த மாதம் சாம்பல் புதனுக்கு முன் லாரி வருமாம், உளி வைத்து எடுப்பானாம். கெஞ்சிப் பார்த்தேன். "நான் கூலிக்காரனுங்க, உங்க பையன் ஒரு கடுதாசி போட்டா நிறுத்திக்கறேனுங்க" என்கிறான். காய் வெடிக்கும்வரை கரட்டில் கடப்பாரை வைப்பதில்லை என்று பன்னிரண்டு பெண்கள் முடிவு செய்து, முறை வைத்துப் பாறையைப் பார்த்துக்கொள்கிறோம். விதை பஞ்சோடு பறந்து கரடெல்லாம் விழும், கோடை மழைக்கு முளைக்கும். சில வருஷத்தில் நீயே வந்து தோண்டலாம், பக்கக் கிழங்கு மட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுப் பூசையை விடாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
புஷ்பமேரி

இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன் நஞ்சப்பனுக்கு இரண்டு வரி எழுதிப் போடு. லாரி வரக்கூடாது.