வேறு பெயரில் ஒரு ஸ்கேன்

சோமனூர்
3.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். போனில் எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புகிறீர்கள்; அதனால்தான் கடிதம்.

லீவில் வந்த பன்னிரண்டு நாளில் மூன்று முறை பெருந்துறைக்குப் போனீர்கள். நண்பனைப் பார்க்க என்றீர்கள். பெயர் கேட்டால், "உனக்குத் தெரியாது அம்மணி" என்றீர்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் எனக்குத் தெரியாத நண்பன் யார்? கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினீர்கள். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையோ?

உள்ளதை எழுதுங்கள். வேறு யாராவது இருந்தால் அதையும்.

சண்முகப்பிரியா

விமானப்படைத் தளம்
12.6.2024

அன்பு அம்மணி,

படித்துச் சிரித்தேன், பிறகு வருத்தமாக இருந்தது. போர்விமானம் ஓட்டுகிறவனுக்கு இன்னொரு குடும்பம் நடத்த நேரம் ஏது? நண்பன் பெருந்துறை சிப்காட்டில் கம்பெனி வைத்திருக்கிறான். கழுத்தில் வெறும் சுளுக்கு, தலையணை சரியில்லை. வீணாகச் சந்தேகப்படாதே. பாப்பாவுக்கு முத்தம்.

கிருபாசங்கர்

சோமனூர்
20.6.2024

மாமா,

துவைக்க எடுத்த உங்கள் பேன்ட்டில் ஒரு சீட்டு இருந்தது. பெருந்துறையில் ஒரு ஸ்கேன் சென்டர். பெயர் மதன்குமார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உங்கள் சித்தப்பா மகன்தானே? போன் செய்தேன். "எனக்கெதுக்குங்க அண்ணி ஸ்கேனு? நான் பெருந்துறைப் பக்கமே போகலீங்களே" என்றார்.

அந்த ஸ்கேன் சென்டருக்கே நேரில் போனேன். "மதன்குமார் வீட்டு ஆளுங்களா? பிலிம வாங்காமயே போயிட்டாருங்க" என்று கொடுத்துவிட்டார்கள். கோவையில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினேன். கழுத்தில் இரண்டு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். "உங்க ஊட்டுக்காரரு பாரம் தூக்கறவருங்களா?" என்று கேட்டார். போர்விமானி என்றேன். அதிர்ந்துபோனார். விமானம் வேகமாக வளையும்போது ஹெல்மெட்டோடு தலை ஏழெட்டு மடங்கு கனக்குமாம். அப்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் அத்தனை பாரமும் கழுத்தெலும்பில் இறங்குமாம். இனியும் பறந்தால் கை மரத்துப்போகலாமாம்.

இன்னொருத்தி இல்லை என்று அன்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். அவ்வளவுதான். விமானத்தில் உங்கள் பின் சீட்டில் உட்காருகிறவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். பிலிமின் நகலை, உண்மைப் பெயரோடு, உங்கள் தளத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

பிரியா

விமானப்படைத் தளம்
25.6.2024

பிரியா,

நேற்றுப் பறந்தபோது இடது கை விரல்கள் மரத்துவிட்டன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பின் சீட்டில் இருந்தவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எப்படியோ இறக்கினேன். நேராக டாக்டர் அறைக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிட. வாயைத் திறக்கும் முன்பே மேசையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். உறை பிரிந்திருந்தது. எனக்கு நீ எழுதியது இன்றுதான் வந்தது.

"நானாகத்தான் சார் வந்தேன்" என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை. நீயும் நம்பமாட்டாய். பொய்ப் பெயரில் ஸ்கேன் எடுத்தவனை யார் நம்புவார்கள்? கழுத்து விஷயம் பதிவேட்டில் ஏறினால் விமானத்தைத் தொட விடமாட்டார்கள் என்ற பயம். இப்போது ஆறு மாதம் பறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நிச்சயமில்லை.

உன் மேல் கோபம் தீரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கோவை வருகிறேன். என்னால் பெட்டியைத் தூக்க முடியாது. நீ வா.

கிருபாசங்கர்