ஆளுக்கொரு பிராஞ்ச்

12 ஆகஸ்ட் 2010, வியாழன்

கடைகளுக்கு நாங்கள் எழுதும் பில் புரோகிராமில் ஆளுக்கொரு பிராஞ்ச், அதாவது தனி நகல், போட்டு, முடிந்த வேலையை மட்டும் பொதுவில் சேர்க்கலாம் என்று கூட வேலை செய்யும் மேரி போன மாதமே சொன்னாள். "நாலு பேரு இருக்கிற ஆபீசுக்கு எதுக்கும்மா? புரோகிராம்ல கை வைக்கிறவங்க சத்தமா சொன்னா போதும்" என்று சிரித்தவன் நான்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் கை வைத்தவனும் நான்தான். எல்லோருக்கும் ஒரே நகல் என்பதால், மேரி திருத்தி அனுப்பியதோடு என் அரைகுறை வேலையும் முதுநகர் மருந்துக்கடைக்குப் போய்விட்டது. காலையில் அங்கே பில்லே வரவில்லை.

"யாரு அனுப்புனது?" என்று கத்தினார் முதலாளி.

"நான்தான் சார்" என்றாள் மேரி. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஏறும்போது மெதுவாகக் கேட்டாள்: "இப்பவாவது பிராஞ்ச் போட்டுக்கலாமா சார்?"

அவளுக்கு எல்லாம் தெரியும். அப்போதுகூட "பாக்கலாம்மா" என்றுதான் சொன்னேன்.